பால்மாப் பக்கெற்றுக்குள் போன ஊமையன்

போன மாதம் பிரதாப் வீட்டுக்கு வந்திருந்தான். நான் கொழும்பில் வேலை பார்த்த ஆராய்ச்சிப் பிரிவில் எனக்குப் பிறகு சேர்ந்த பொறியியலாளன். ஓய்வு பெற்றவர்களைப் பார்க்க வருகிறவர்கள் வழக்கமாக அப்பிள் கொண்டுவருவார்கள். இவன் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"மிஸ், இதுக்குள்ள கார்ச் சாவியப் போட்டுவச்சா, சாவி கதைக்கிறது கள்ளன்ட மெசினுக்குக் கேக்காது. கொழும்பில இப்ப எல்லாரிட்டயும் இருக்கு."

திறந்து பார்த்தேன். உள்ளே பளபளவென்று உலோகத் தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடித்த தேத்தண்ணி புரைக்கேறி, பிரதாப் எழுந்துவந்து தலையில் தட்டவேண்டியதாய்ப் போயிற்று.

"என்ன மிஸ், என்ன?"

"இது எங்கட கற்பிட்டிப் பால்மாப் பக்கெற் அடா!"

அவன் திருதிருவென்று முழித்தான். சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவனுக்கு அழைப்பு வந்துவிட்டது. "எழுதி வையுங்க மிஸ். நீங்க செய்த வேலைதான் இப்ப எல்லாற்ற ஃபோனுக்குள்ளயும் வந்திட்டுது, எங்களுக்கு அந்தக் கதையே தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனான். சரி, எழுதுகிறேன். எழுதாவிட்டால் அடுத்த முறை அப்பிளும் வராது.

எனக்கு ஊர் உடப்பு. அப்பா கரைவலை இழுக்கும் மீனவர். வீட்டு றேடியோவைக் கழற்றிப் போட்டு, மீதியாக வந்த ஆணிகளுக்காக அம்மாவிடம் அடி வாங்கியதுதான் என் ஆரம்பப் படிப்பு. பிறகு சிலாபத்தில் ஒரு திருத்துகிற கடை, தொழில்நுட்பக் கல்லூரி, கொழும்பு. பரீட்சை எழுதிய கதையெல்லாம் யாருக்கும் சுவைக்காது, ஆகையால் நேரே லயனல் சேரிடம் வந்துவிடுகிறேன்.

லயனல் சேர் எங்கள் பிரிவின் தலைமைப் பொறியியலாளர். சிலாபத்துப் பக்கத்துச் சிங்களவர், சந்தையில் பழகிய தமிழ் பேசுவார். சிங்களத்தில் பியோனுக்குக்கூட மரியாதை குறைக்காத மனிதர், தமிழ் என்று வந்தால் பன்சாலைப் பிக்கு ஆமத்துரு முதல் அமைச்சர் வரை எல்லோரும் 'நீ' தான். அவருக்கு இருந்த ஒரே வியாதி, வீணாகப் போகும் மின்சாரத்தைப் பார்த்தால் பொறுக்காது. ஆள் இல்லாத அறையில் விசிறி சுற்றினால் மாடியிலிருந்து இறங்கிவந்து நிறுத்துவார். ஆள் இருந்தாலும் சில வேளை நிறுத்துவார். இறக்கம் வந்தால் மோட்டார் சைக்கிளின் இஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுவார். பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்துத் தீர்ப்பான். சொல்லும் அப்படித்தான். ஒன்றில் முடிகிற இடத்தில் இரண்டாவது சொல் அவரிடமிருந்து வராது.

அந்த வியாதியில் பிறந்ததுதான் எங்கள் கருவி. சாதாரண றேடியோ ஓர் அலைவரிசையைப் பிடித்துக்கொண்டு விடாமல் கத்தும். கத்தக் கத்தப் பற்றறி கரையும். எங்களுடையது கண் இமைப்பதைவிட எத்தனையோ மடங்கு குறுகிய ஒரு துடிப்பை, மிக அகன்ற அலைவரிசை முழுவதிலும் மெல்லியதாய்த் தூவிவிட்டுத் தூங்கிப்போய்விடும். மறுபடி விழிக்கும், ஒரு துடிப்பு, மறுபடி தூக்கம். வேறு றேடியோக்காரருக்கு அது வெறும் இரைச்சல். அதற்கென்றே காத்திருக்கும் காதுக்கு மட்டும் யார், எவ்வளவு தூரத்தில் என்று விளங்கும். கொஞ்சத் தூரம்தான் போகும். "பக்கத்து வீட்டுக்குக் கதைக்க லவுட்ஸ்பீக்கர் எதுக்கு யோகா?" என்று என்னைக் கேட்பார் சேர். அவர் சொன்னதில் மிக நீளமான வசனம் அதுவாகத்தான் இருக்கும்.

முதல் கருவியைச் செய்து முடித்து, எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று நான் அளந்தபோது மீற்றரில் ஒன்றுமே காட்டவில்லை. மீற்றர் பழுது என்று வேறு மீற்றர் எடுத்தேன். அதிலும் இல்லை. சேர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பல் தெரியச் சிரித்ததை அன்றுதான் முதல் தடவை கண்டேன்.

இதைக் கற்பிட்டி மீன்பிடித் துறைக்குக் கொண்டுபோனதற்குக் காரணம் யுத்தம். கடலுக்குப் போக ஒரு பதிவு, வந்தால் ஒரு பதிவு. இறங்குதுறைச் சோதனைச் சாவடியில் விடியற்காலையில் ஒரு வரிசை, திரும்பி வந்து வெயிலில் இன்னொரு வரிசை. மனிதன் நிற்பான், சூடை மீன் நிற்குமா? வரிசை முடிந்து ஐஸ் லொறிக்குப் போகும்போது வயிறு வெடித்துக் கிடக்கும், முதலாளி கருவாட்டு விலைக்குக் கேட்பார். ஒவ்வொரு படகிலும் எங்கள் கருவி ஒன்று இருந்தால், இறங்குதுறைக் கம்பங்களில் நாங்கள் பூட்டும் காதுகள் அதைக் கேட்டு, யார் போனார், யார் வந்தார் என்று சாவடிக்குத் தானே சொல்லிவிடும். வரிசையே வேண்டாம். ஒரு மாரிகாலம் பரிசோதித்துப் பார்க்கட்டும் என்று அனுமதி கிடைத்தது.

அதில் கையெழுத்து வைக்கவேண்டிய சாவடி அதிகாரியை முதல் நாள் பார்க்கப் போனோம். நடுப்பகல், அறையில் மின்குமிழ் எரிகிறது. அதிகாரி கதிரையில் இருந்து எங்கள் கடிதத்தை வாசிக்கிறார். சேர் கூரையை அண்ணாந்து பார்க்கிறார். 'வேண்டாம் சேர், வேண்டாம்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், மனிதர் எழும்பிப்போய் டக்கென்று அணைத்துவிட்டு வந்து இருந்துவிட்டார். அதிகாரி கடிதத்திலிருந்து தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாரே! பிறகு குனிந்து கையெழுத்தை வைத்துவிட்டார்.

கருவி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. தண்ணீர் புகாமல் பிசின் ஊற்றி அடைத்திருந்தோம். சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை என்பதால் மீனவர்கள் அதற்கு ஊமையன் என்று பெயர் வைத்தார்கள். படகின் முன்புறம், அணியத்துக் கட்டையில் நைலோன் கயிற்றால் கட்டிக் கொடுத்தோம். மேலே ஒட்டிய தாளில் இரண்டு மொழியிலும், 'அடையாள அட்டையைப் போலப் பத்திரமாக வைத்திருக்கவும்' என்று இருந்தது. மேலிடத்தில் யாரோ எழுதித் தந்த வாசகம். அந்தக் காலத்தில் அடையாள அட்டை இல்லாமல் வீட்டுப் படலையைத் தாண்டமுடியாது. ஆகையால் எல்லோருக்கும் நன்றாக விளங்கிய வாசகம்.

பரிசோதனைக்குச் சேர் ஒரு முறை வைத்திருந்தார். சாவடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு தகரக் கொட்டில். அதற்குள் எல்லாக் காதுகளும் வந்து சேரும் பெட்டி. ஊமையன் ஒன்று புதிதாய்க் கேட்டால் 'கீக்' என்று ஒரு சத்தம், திரையில் பெயரும் தூரமும். நான் ஊமையனைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குதுறை நுனி வரை நடக்கவேண்டும். இடுப்பளவில் பிடி, தலைக்கு மேலே பிடி, ஈர வலைக் குவியலுக்குப் பின்னால் பிடி, ஒரு தடித்த மனிதருக்குப் பின்னால் பிடி. இதற்கென்றே நின்று தருவார் ஒரு மீன் முதலாளி, அவருக்கு அது பெருமை. ஒவ்வொரு இடத்திலும் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். கேட்டால் சேர் கொட்டில் வாசலில் நின்று கையைத் தூக்குவார். கேட்காவிட்டால் தூக்கமாட்டார். ஒரு நாள் நான் காற்றுக்கு மேலாக, "கேக்குதா சேர்ர்ர்?" என்று கத்திவிட்டேன். கிட்ட வந்ததும் சொன்னார்: "கத்தவேணாம். கை இருக்குதானே." அது சட்டமாகிவிட்டது. மீனவர்கள் எங்களைக் காணும்போதெல்லாம் வாய் திறக்காமல் கையை உயர்த்திச் சலாம் வைத்துக் கேலி பண்ணுவார்கள்.

முதலில் வேலை அமோகமாய் ஓடியது. வரிசை இல்லை. மீன் துடிக்கத் துடிக்க லொறிக்குப் போனது. ஜெமீல் நானா என்றொருவர் சின்ன இஞ்சின் வள்ளம் வைத்திருந்தார். அவருடைய மனைவி சுபைதா எங்களுக்கு மத்தியானச் சோறு கொடுத்தனுப்பத் தொடங்கினார். அண்ணனை அங்கே நானா என்பார்கள், அக்காவை ராத்தா என்பார்கள், நானும் ராத்தா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். "இந்த ஊமையன் வந்த பொறகுதான் தங்கச்சி எங்கட மனுசன் பகல் சோத்த சூடாத் திங்கிறாரு" என்பார். சேர் சோற்றைப் பாதிதான் எடுப்பார். ராத்தாவுக்கு அது பெரிய மனவருத்தம்.

பிறகு மழை தொடங்கியது. தொடங்கிய அன்றே ஓர் ஊமையன் கேட்கவில்லை. மறுநாள் இன்னும் சில. பற்றறியைப் பார்த்தேன், நல்லாயிருந்தது. பிசின் வெடித்துத் தண்ணீர் போயிருக்குமோ என்று ஒன்றை உடைத்துப் பார்த்தோம். உள்ளே எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது. கம்பத்துக் காதுகளை இறக்கித் துடைத்தோம். ஆளைக் கூப்பிட்டு, "கொண்டு வாங்க பாப்பம்" என்று சொன்னால் கொண்டுவந்து தருவார்கள், எங்கள் கையில் அது கிளிபோலக் கதைக்கும். எடுத்துக்கொண்டு போனால் மறுபடி ஊமை. சேர் சாப்பாட்டின் பாதியிலும் பாதியை வைக்கத் தொடங்கினார்.

அந்த வாரத்தில்தான் ஜெமீல் நானாவைப் பிடித்தார்கள்.

காலை பத்து மணியிருக்கும், மழை விட்டிருந்தது. ரோந்துப் படகு அவருடைய வள்ளத்தைக் கட்டியிழுத்துக்கொண்டு வந்தது. எங்கள் பெட்டியின்படி அவர் கடலுக்குப் போகவே இல்லை. ஆனால் ஆளைப் பிடித்ததோ நடுக்கடலில். அணியத்துக் கட்டையில் கருவியும் இல்லை. கருவியைக் கழற்றி எறிந்துவிட்டுக் களவாய் இறங்கியிருக்கிறான், யாரைச் சந்திக்கப் போனான் என்பதுதான் கேள்வி. மேல் விசாரணைக்கு ஏற்றிப்போகப் புத்தளத்திலிருந்து வாகனம் வந்துகொண்டிருந்தது. அந்த நாட்களில் அப்படி ஏற்றப்பட்டவர் எப்போது வருவார், வருவாரா என்று யாராலும் சொல்ல முடியாது. அவரை ஏற்றப்போவது நான் பூட்டிய ஒரு பெட்டியின் சொல்லைக் கேட்டு.

மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். சேரும் வந்தார். ஜெமீல் நானா மர வாங்கில் ஈரச் சாரத்தோடு இருந்தார். எதைக் கேட்டாலும், "ஒண்டும் செய்யல்ல, அல்லாஹ்வுக்காக ஒண்டும் செய்யல்ல" என்பது மட்டும்தான் வந்தது.

அதிகாரி கெட்ட மனிதரில்லை. சேரைப் பார்த்துச் சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்: "உங்கள் கருவி நல்ல கருவி. மற்ற இறங்குதுறைகளுக்கும் போடலாம் என்று எழுதத்தான் இருந்தேன். இப்போது ஒன்று சொல்லுங்கள். பிழை கருவியிலா, ஆளிலா?"

சேர் சொன்னார்: "பார்த்துச் சொல்கிறேன்."

கம்பி வேலிக்கு வெளியே ஊர் கூடிவிட்டது. சுபைதா ராத்தா முன்னால் நின்று கம்பியை உலுக்கிக்கொண்டிருந்தார்.

"நானா, ஊமையன் எங்க?" என்று நான் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், வாய் அசைந்தது, சொல் வரவில்லை.

"மடியில! மடியில!" என்று வேலிக்கு வெளியே இருந்து ராத்தா கத்தினார். "என்ன மனுசன் நீங்க, வாயில கொழுக்கட்டையா? மடியில இரிக்கிய பக்கெற்ற எடுத்துக் குடுங்களன்! நான்தானே தங்கச்சி மழையெண்டு கழட்டி எடுத்து, பத்திரமா வச்சிக் குடுத்தன்!"

அவர் மடியை அவிழ்த்து, நான்காய் மடித்த ஒரு பால்மாப் பக்கெற்றை எடுத்தார். கற்பிட்டியில் கடலுக்குப் போகிற எவரிடமும் அது இருக்கும். தீப்பெட்டி, கடலுக்குப் போகும் பாஸ், அடையாள அட்டை எல்லாம் அதற்குள்தான். வள்ளம் கவிழ்ந்தாலும் நனையாது. அடையாள அட்டையைப் போலப் பத்திரமாக வைத்திரு என்றால் அந்த ஊரில் வேறு எங்கே வைப்பார்கள்? அவர் அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். பாஸை வைத்தார். பிறகு ஊமையனை வெளியே எடுத்தார்.

பக்கத்துக் கொட்டிலில் பெட்டி 'கீக்' என்றது.

நானும் சேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். பக்கெற்றின் உட்பக்கம் வெள்ளித் தாள். அந்தத் தாளைத் தாண்டி எங்கள் மெல்லிய துடிப்பு எங்கே போவது! சேர் ஊமையனைத் திரும்பப் பக்கெற்றில் போட்டு, மடித்து, கொஞ்சம் பொறுத்து, எடுத்தார். கீக். அதிகாரி தானே வாங்கிச் செய்து பார்த்தார். கீக்.

"இவன் வேண்டுமென்று செய்திருக்கலாமே" என்றார் அதிகாரி.

"மற்றவர்களையும் கேளுங்கள்" என்றார் சேர்.

நான் வாசலுக்குப் போய், "எல்லாரும் உங்கட பக்கெற்ற எடுத்து ஊமையன வெளிய எடுங்க" என்று சொன்னதுதான் தாமதம். மடிகள் அவிழ்ந்தன, சட்டைகள் திறந்தன. ஒருவருடைய பக்கெற்றில் வெற்றிலை, ஒருவருடையதில் மகளுக்கு வாங்கிய டொபி, தடித்த முதலாளியிடம் ஊமையனே இல்லை, ஆனாலும் ஆசைக்குப் பக்கெற்றை எடுத்துக் காட்டினார். கொட்டிலுக்குள் பெட்டி, காக்கைக் கூட்டத்தில் கல்லெறிந்ததுபோலக் கத்தத் தொடங்கிவிட்டது. கீக் கீக் கீக் கீக்! காவலுக்கு நின்ற பெடியன் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான். அதிகாரிக்கும் உதடு துடித்தது.

அது அடங்கியதும் அவர் முகம் மாறியது. "அப்படியென்றால், வேண்டுமென்று மறைய நினைக்கும் எவனும் ஒரு பால்மாப் பக்கெற்றோடு மறைந்துவிடலாம்?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது, எங்கே வந்து நிற்கிறோம் என்று. இதற்கு ஓம் என்று சொன்னால் ஜெமீல் நானா வீட்டுக்குப் போவார், எங்கள் வேலை குப்பைக்குப் போகும். ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம், திருத்தித் தருகிறோம் என்று இழுக்கலாம். இழுத்தால் வாகனம் வந்துவிடும். சேர் அந்தக் கருவிக்கு எத்தனை வருடம் கொடுத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். கலியாணத்தைக்கூட ஒரு முறை பிற்போட்டவர்.

"ஓம்" என்றார் சேர். "யாரும் மறையலாம். பிழை கருவியில்."

அதை நான் வெளியே நின்றவர்களுக்குத் தமிழில் சொன்னேன். ஜெமீல் நானாவை எழும்பி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். ராத்தா வேலியைப் பிடித்தபடி அப்படியே நிலத்தில் குந்தி அழத் தொடங்கினார். சேர் அறையை விட்டு வரும்போது வாசலில் நின்று திரும்பினார். மின்குமிழ் எரிந்துகொண்டிருந்தது. கையை நீட்டி அணைத்தார். அதிகாரி பார்த்துக்கொண்டே இருந்தார், தடுக்கவில்லை.

அந்த வாரமே பரிசோதனையை நிறுத்தும்படி கடிதம் வந்துவிட்டது. வரிசை திரும்பி வந்தது. "அடேய் ஜெமீலு, ஒன்ட பக்கெற்றால எங்கட மீன் நாறுது" என்று வரிசையில் நின்று கேலி செய்தார்கள். "நீங்களும்தானேடா பக்கெற்றுக்குள்ள போட்டீங்க!" என்று அவரும் விடமாட்டார். யாரும் அவரைக் கோபித்ததாக எனக்குத் தெரியவில்லை.

கட்டி ஏற்றும் நாள் மெல்லிய தூற்றல். கம்பத்துக் காதுகளை ஒவ்வொன்றாய் இறக்கினேன்; கொட்டிலுக்கு மேலிருந்த ஒன்றை மட்டும் வைக்கச் சொல்லிவிட்டார் சேர். ஊமையன்கள் சாக்கில் சேர்ந்துவிட்டன, ஜெமீல் நானாவுடையதைத் தவிர. லொறிக்காரன் அவசரப்படுத்தினான். விசிறி கழற்றியாயிற்று, விளக்குக் கழற்றியாயிற்று, பெட்டி மட்டும் வெறும் கொட்டிலில் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லாத அறையில் ஒரு நிமிடம் விசிறி சுற்றப் பொறுக்காதவர், அதன் முன்னால் கைகட்டி நின்றார். நான், "அணைக்கட்டா சேர்?" என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்தார்.

கீக்.

திரையில் ஜெமீல் என்று பெயர் விழுந்தது. பக்கத்தில் தூரம், குறைந்துகொண்டு வந்தது. வாசலுக்கு வந்து பார்த்தோம். பாதை வளைவில் சுபைதா ராத்தா வந்துகொண்டிருந்தார். ஒரு கையால் முக்காட்டைப் பிடித்திருந்தார். மற்றக் கையைத் தலைக்கு மேல் உயரத் தூக்கி, விரித்த உள்ளங்கையில் ஊமையனை வைத்திருந்தார். பக்கெற் இல்லை, துணி இல்லை, தூற்றல் அதன்மேலே விழுந்துகொண்டிருந்தது. வீட்டிலிருந்து அப்படியே நடந்து வந்திருக்கிறார்.

"கேக்குதா சேர்?" என்று அங்கிருந்தே கேட்டார்.

கையைத் தூக்கினால் போதும் என்று சட்டம் போட்டவர் சேர். மழைக்குள் இறங்கினார். இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு, இறங்குதுறை முழுக்கத் திரும்பிப் பார்க்க, தொண்டை கிழியக் கத்தினார்:

"கேக்குது! நல்லாக் கேக்குது!"